மாதிரி 14: இடது கால் செருப்பு

குப்பை நிறுத்தே ஓய்வூதியம் வாங்குகிற பெண் திருகோணமலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நியமனக் கடிதத்தில் ‘ஆய்வுகூட உதவியாளர்’ என்றுதான் இருந்தது. ஆனால் அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் வந்து செல்வராணியின் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. “ஆர், குப்பை நிறுக்கிற ராணி அக்காவோ?” என்று கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் வேறு யாருக்கும் பட்டப்பெயர் தொழிலால் வரவில்லை.

போன கிழமை தர்ஷினி மிஸ் தொலைபேசி எடுத்தார். நான் வேலை பார்த்த கல்லூரியில் இப்போது சுற்றாடல் பாடத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளர் அவர். சின்ன வயது, நல்ல பிள்ளை, எதையும் கணினியில் செய்கிறவர்.

“ராணி அக்கா, இந்தமுறை சல்லிக் கடற்கரையைத் துப்புரவாக்கச் சிரமதானம் வைக்கப் போறம். அதுக்கு மேலிடத்தில இருந்து ஒரு படிவம் வந்திருக்கு. ‘எதிர்பார்க்கப்படும் குப்பையின் அளவு’ எண்டு ஒரு கட்டம் இருக்கு. சல்லிக்கு எவ்வளவு போடுறது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தால் நிற்காது. அது என்னுடைய பிறவி வியாதி. மாமியாரின் செத்தவீட்டு எட்டுச் செலவன்று ஐயர் தும்மினார் என்பதற்காகச் சிரித்து, மச்சாள்மார் இரண்டு பேர் என்னோடு ஒரு வருடம் கதைக்கவில்லை.

“அக்கா? அக்கா, அழுறீங்களோ?”

“இல்லை மிஸ். பூச்சியம் போடுங்கோ.”

“பூச்சியம் போட்டா கணினி ஏற்குதில்லை அக்கா.”

அதோடு மிச்சச் சிரிப்பும் வந்தது. மிஸ் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, “நீங்கள் ஒருக்கா கல்லூரிக்கு வாங்கோ. அப்பிடியே நடந்ததைக் கல்லூரி மலருக்கும் எழுதித் தாங்கோ,” என்றார். அதனால்தான் எழுதுகிறேன். மலரில் எத்தனை பக்கம் தருவார்கள் என்று தெரியாது. தருகிற பக்கத்துக்குள் அடங்குகிற ஆளும் நான் இல்லை.

நான் கல்லூரியில் சேர்ந்தது தற்காலிக வேலைக்கு. முதல் இரண்டு வருடம் சோதனைக்குழாய் கழுவினேன், உடைத்தேன், உடைத்ததை ஒளித்தேன். அவ்வளவுதான் பயிற்சி. பிறகு நிஸ்தார் சேர் வந்தார். சுற்றாடல் பாடநெறியைத் தொடங்கியது அவர்தான். என் வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது என்று சொல்லவேண்டும்.

சேர் கிண்ணியாக்காரர். ஒல்லியான உடம்பு, எப்போதும் நீளக்கை வெள்ளைச் சட்டை, பையில் பென்சில். பேனை வைத்திருக்க மாட்டார். மை கடல்தண்ணி பட்டால் ஓடிவிடும், பென்சில் எழுத்து ஓடாது என்பார். அவர் ஏசி நான் கேட்டதில்லை. சிரித்தும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். சின்னக் கோபத்துக்கு ஒரு பக்கக் கண்ணாடி, பெரிய கோபத்துக்கு இரண்டும். மாணவர்கள் கண்ணாடியைப் பார்த்தே ஒழுங்காகிவிடுவார்கள். நான் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன், சிரிப்பு வந்துவிடும் என்ற பயத்தில்.

வருடத்தில் நாலைந்து தரம் ஊர்மக்களைக் கூட்டிக் கல்லூரி நிகழ்ச்சி வைக்கும். கரை துப்புரவு, கடலோரக் களப்புச் சேற்றில் கண்டல் மர நடுகை, குளக்கரையில் மரநடுகை. மற்றக் கல்லூரிகளில் இதெல்லாம் தொப்பி, பனியன், படம் எடுத்தல் என்று பத்து மணிக்கு முடிந்துவிடும். சேரிடம் முடியாது, ஏனென்றால் சேர் நிறுப்பார்.

நிறுக்கிற முறையை எழுதாவிட்டால் என்னை யாரும் மன்னிக்கமாட்டார்கள். கரையில் மூன்று கம்பை முக்காலியாகக் கட்டி, அதில் கொக்கித் தராசைத் தொங்கவிடுவோம். முதலில் வெறும் தராசு பூச்சியம் காட்டவேண்டும். பிறகு ஆய்வுகூடத்துப் பித்தளைப் படிக்கல்லை மூன்று தரம் தொங்கவிட்டு மூன்று தரமும் ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். காற்றடித்தால் நாலாம் தரம். அதன்பிறகுதான் உரப்பைகள் வரும். பிளாஸ்ரிக் ஒன்று, போத்தல் கண்ணாடி ஒன்று, வலையும் கயிறும் ஒன்று, செருப்பு ஒன்று. ஒவ்வொரு பையையும் கவிழ்த்துத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் கொக்கியில் போடலாம். ஈர வலையென்றால் வெயிலில் காயவிட்டு நிறுக்கவேண்டும்.

“மண்ண நிறுக்க வேணாம் ராணி. மண் கடலுட சொத்து,” என்பார்.

மாணவர்களுக்குப் பாரம் கூடக் காட்டவேண்டும் என்று ஆசை. மண்ணோடு தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்று, “தட்டு தட்டு” என்று கத்துவேன். இன்றைக்கும் பழைய மாணவர்கள் பஸ்ஸில் கண்டால், “தட்டு தட்டு அக்கா!” என்று கூப்பிடுவார்கள். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

செருப்பு ஏன் தனிப் பை என்று ஒருநாள் கேட்டேன். கடல் எப்போதும் ஒற்றைச் செருப்பைத்தான் கரைக்குத் தருகிறது என்றார். இடது காலும் வலது காலும் வளைவு வேறு என்றபடியால் காற்றும் நீரோட்டமும் இரண்டையும் வேறுவேறு கரைக்குக் கொண்டுபோகுமாம். எந்தக் கரையில் எந்தக் கால் கூட வருகிறது என்று அவர் வருடக்கணக்காகப் பதிந்துகொண்டிருந்தார். நல்ல செருப்புகளை நான் கழுவி, வெள்ளை மட்டையில் பென்சிலால் எண்ணும் இடமும் எழுதி, நூலால் கட்டி அலுமாரியில் வைப்பேன். செருப்புக்கு விலாசம் எழுதிய ஆளும் நான்தான்.

சேரின் அறிக்கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லா வில்லங்கமும் அதிலிருந்துதான் வந்தது. ஒருமுறை குச்சவெளியில் களப்போரம் கண்டல் நடுகை. ஐம்பது கன்று நட்டோம். பிரதம விருந்தினர் மைக்கைப் பிடித்துக் கண்டலின் பெருமையை விளக்கிக்கொண்டிருக்கையில் அவருக்குப் பின்னால் ஒரு மந்தை ஆடு வந்து, முதல் வரிசையிலிருந்து ஒழுங்காகத் தின்னத் தொடங்கியது. அவர் உணர்ச்சியோடு பேசப்பேச ஆடுகளும் உணர்ச்சியோடு தின்றன. நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் அறிக்கையில் ‘ஐம்பது கன்றுகள் வெற்றிகரமாக நடப்பட்டன’ என்று எழுதியிருப்பார்கள். பொய்யும் இல்லை. சேர் எழுதியது இது: ‘நட்டது ஐம்பது. பேச்சு முடியும்போது எஞ்சியது மூன்று. காரணம்: ஆடு.’

“சேர், இதை இப்பிடியே அனுப்புறதே?” என்று கேட்டேன்.

“என்ன இரிக்கோ அதத்தானே எழுதலாம் ராணி.”

இப்படியே நாலு வருட அறிக்கை கொழும்புக்குப் போனது. மற்றக் கல்லூரிகளின் அறிக்கையில் எல்லாம் பிழைத்து வளர்ந்தது. எங்களுடையதில் ஆடு தின்றது, வெள்ளம் கொண்டுபோனது, மழையால் ஒருவரும் வரவில்லை. கடைசியில் ஒரு கடிதம் வந்தது. ஊர்மக்களின் பங்களிப்புத் திருப்தியாக இல்லை என்பதால் பாடநெறியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பார்க்க இரண்டு அதிகாரிகள் அடுத்த சிரமதானத்துக்கு நேரில் வருவார்கள் என்று. பாடநெறி நின்றால் ஆய்வுகூடத்தைப் பூட்டுவார்கள். சேருக்கு வேறு பாடம் கிடைக்கும். தற்காலிக ஆளான எனக்கு வீடுதான்.

நான் பயந்துபோனேன். இந்த முறை ஆடு இல்லாத இடமாக, குப்பை நிச்சயமாக இருக்கிற இடமாகப் பார்க்கவேண்டும் என்று நானே சேரிடம் சல்லியைச் சொன்னேன். வாடைக்காற்று முடிந்த கையோடு சல்லிக் கரையில் கடல் தள்ளிவிட்ட சாமான் மலைமலையாகக் கிடக்கும். திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். போத்தல், வலைத்துண்டு, ஷொப்பிங் பேக், உடைந்த கூடை, செருப்பு. அவ்வளவு குப்பையைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் இருக்கமாட்டாள்.

அப்படியே வந்துவிட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஊருக்குச் சொல்லாமல் வரக்கூடாது என்று மாதர் சங்கத் தலைவி பாக்கியம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். பெரிய உடம்பு, பெரிய குரல். புருஷன் வள்ளம் வைத்திருந்தார், ஊரை அக்கா வைத்திருந்தார்.

“அக்கா, சனிக்கிழமை கொழும்பில இருந்து பெரிய ஆக்கள் வருகினம். எங்கட மாணவரோட சேர்ந்து உங்கட கரையைத் துப்புரவாக்கப் போகினம்.”

“கொழும்பில இருந்தோ? இந்தக் கரையைக் கூட்டவோ?”

“ஓம் அக்கா.”

அக்கா கரைப்பக்கம் ஒருதரம் பார்த்தார். பிளேன்டீ தந்தார். நானும் குடித்துவிட்டு வந்தேன். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அப்போது யோசித்திருந்தால் நான் ஏன் ஆய்வுகூட உதவியாளராக இருந்திருப்பேன்?

சனிக்கிழமை காலை ஆறரைக்கு எங்கள் பஸ் சல்லிக் கோயிலடியில் திரும்பியது. எண்பது மாணவர், கையுறை, உரப்பை, மைக், முக்காலி, தராசு. நான் முதலில் குதித்து இறங்கினேன்.

கரையில் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றால் ஒரு போத்தல் மூடிகூட இல்லை. மணல் முழுக்கக் கூட்டுகிற தும்புத்தடி இழுத்த வரி, வீட்டு முற்றத்தில் விழுவது மாதிரி, தண்ணி விளிம்பு வரைக்கும். வள்ளங்களை ஒரே நேராக இழுத்து நிறுத்தியிருந்தார்கள். இரண்டு தென்னைக்கு நடுவில் மாவிலைத் தோரணம். கீழே ஒரு மேசை, வெள்ளைத் துணி, நிறைகுடம். அதற்குப் பக்கத்தில் பாக்கியம் அக்கா கூறைச்சேலை மாதிரி மினுங்குகிற ஒன்றைக் கட்டிக்கொண்டு, பின்னால் இருபது பெண்களோடு நின்றார்.

“அக்கா… குப்பை எங்க?”

“கூட்டிப்போட்டம்.”

“ஏன் அக்கா? நாங்கள் கூட்டத்தானே வந்தனாங்கள்!”

“என்ன பிள்ளை கதைக்கிறாய்? உன்ர வீட்டுக்கு விருந்தாளி வந்தா, அவையின்ர கையில தும்புத்தடியைக் குடுப்பியோ?”

நானும் அப்படிக் குடுக்கமாட்டேன். எண்பது மாணவர் வெறும் பையோடு கரையில் நின்றார்கள். கொழும்பு வாகனம் வர இன்னும் ஒரு மணித்தியாலம்தான் இருந்தது.

சேரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி இரண்டு பக்கத்தையும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு போட்டுக்கொண்டு, “முக்காலியக் கட்டுங்க,” என்றார்.

“எதை நிறுக்கச் சேர்?”

“இரிக்கிறத.”

அந்த நேரத்தில்தான் என் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம். ஆய்வுகூட அலுமாரியில் முந்தின வருடங்களின் மாதிரிகள் இருந்தன. செருப்பு முப்பது, போத்தல், வலைத்துண்டு, எல்லாம் கழுவிச் சுத்தமாக, மட்டை கட்டி. நான் தராசின் கொக்கியைக் கழற்றி என் கைப்பைக்குள் போட்டேன்.

“சேர், கொக்கியை விட்டுப்போட்டு வந்திட்டன். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்.”

அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. சோடா கொண்டுவந்த ஓட்டோவில் ஏறிப் பறந்தேன். திரும்பி வரும்போது மடியில் சாக்கு, கையில் கத்தரிக்கோல். ஒவ்வொரு மட்டையாக வெட்டிவெட்டிச் சாக்குக்குள் போட்டேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, “அக்கா, செருப்புக் கடை போடப் போறியளோ?” என்றார். எனக்குச் சிரிப்பில் நூல் எது விரல் எது என்று தெரியவில்லை.

கரையின் வடக்குத் தொங்கல் முனையில், வள்ளங்களுக்குப் பின்னால் இறங்கினேன். யாருக்கும் தெரியாமல் எறியத் தொடங்கினேன். இங்கே ஒரு போத்தல், அங்கே ஒரு செருப்பு, இயற்கையாக இருக்கட்டும் என்று கொஞ்சம் மண்ணையும் தள்ளி மூடினேன். பத்து வள்ளம் தாண்டிச் சாக்கு முடிய, என் வேலையின் அழகைப் பார்க்கத் திரும்பினேன்.

மணலில் ஒன்றும் இல்லை.

எனக்குப் பின்னால் நாலு பெண்கள் வரிசையாகக் குனிந்து, நான் போட்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். என் காலடித் தடத்தைக்கூடத் தும்புத்தடியால் அழித்துவிட்டிருந்தார்கள்.

“ஆரோ விடியக்காலமையில கொண்டுவந்து கொட்டிப்போட்டுப் போயிருக்கிறான், நாசமாப் போனவன்!” என்றாள் முன்னால் வந்தவள், கை நிறையச் செருப்போடு.

“ஓமோம், கைகால் விளங்காமப் போவான்,” என்றேன் நான். எனக்கு நானே சாபம் போட்டுக்கொண்டு நிற்கையில் கோயிலடியில் வாகனச் சத்தம் கேட்டது. நான் வெறும் சாக்கோடு முக்காலியடிக்கு ஓடினேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நரைத்த கொண்டை போட்ட மேடம், சிங்களவர், தமிழை நிதானமாக, புத்தகத் தமிழாகப் பேசினார். மற்றவர் கோப்புத் தூக்கிக்கொண்டு வந்த இளம் அதிகாரி, தமிழ்ப் பிள்ளை. பாக்கியம் அக்கா ஆலாத்தி எடுத்தார், பொட்டு வைத்தார். மேடம் கரையை ஒரு முறை நீளத்துக்கும் பார்த்தார். எண்பது வெறும் பைகளையும் பார்த்தார்.

“மிகவும் சுத்தமான கடற்கரை,” என்றார் சேரிடம். “இங்கே எதற்காகச் சிரமதானம்?”

சேர் முக்காலியின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். மேடம் இளம் அதிகாரியின் கோப்பை வாங்கி ஏதோ எழுதினார். எழுதி முடித்து மூடினார். வாகனத்துப் பக்கம் திரும்பினார். என் வேலை போய்விட்டது என்று எனக்கு விளங்கியது.

அப்போதுதான் மேடத்தின் கால் எதிலோ தட்டியது. கடைசி வள்ளத்தின் அடியில், அந்த நாலு பெண்களின் கண்ணுக்கும் தப்பி, ஒரு நீலச் செருப்பு. பாக்கியம் அக்கா, “ஐயையோ, ஒண்டு விட்டுப்போச்சு!” என்று பாய்ந்தார். மேடம் அதற்குள் குனிந்து எடுத்துவிட்டார். வாரின் உள்பக்கத்தில் நூலில் ஒரு வெள்ளை மட்டை தொங்கியது. மேடம் அதை இளம் அதிகாரியிடம் நீட்டினார். அந்தப் பிள்ளை செய்தி வாசிக்கிற குரலில் வாசித்தது:

“மாதிரி பதினான்கு. இடது கால். கிடைத்த இடம்: நிலாவெளி.”

எண்பது மாணவரும் மட்டையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்த உருண்டை எழுத்து யாருடையது என்று கல்லூரிக்கே தெரியும். சேர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார். அதை நான் அதற்கு முதல் கண்டதே இல்லை.

“நான்தான் மேடம் போட்டனான்,” என்றேன். “குப்பை இல்லாட்டிப் பாடத்தை நிப்பாட்டிப் போடுவியள் எண்டு பயம். சேருக்குத் தெரியாது. கொக்கி எடுக்கப் போறன் எண்டு சேருக்கும் பொய் சொன்னனான். கொக்கி இந்தாங்கோ, என்ர பைக்குள்ளதான் இருக்கு.”

கொக்கியை எடுத்து நீட்டியதுதான் தாமதம், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்திலும் வெட்கத்திலும் கண்ணால் தண்ணி ஓட ஓடச் சிரித்தேன். மாணவர்கள் தொடங்கினார்கள். பொறுக்கின நாலு பெண்களும், “அப்ப அந்த நாசமாப் போனவன் நீதானோடி!” என்று மண்ணில் உட்கார்ந்து சிரித்தார்கள். இளம் அதிகாரி கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்காதவர்கள் இரண்டே பேர்தான், மேடமும் சேரும்.

சேர் என் கையிலிருந்த கொக்கியை வாங்கினார். தராசில் மாட்டினார். பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்தார். பித்தளைப் படிக்கல்லை மூன்று தரம் தொங்கவிட்டார். பிறகு எடை எழுதுகிற பலகையை எடுத்துச் சோக்கால் எழுதினார்: ‘கல்லூரி சேகரித்தது: பூச்சியம். காரணம்: ஊர் முந்திவிட்டது.’

மேடம் அந்தப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முதல் தரமாகப் பாக்கியம் அக்காவின் பக்கம் திரும்பினார். “இங்கே குப்பை இருந்ததா?”

“இருந்ததாவோ! திங்கக்கிழமையில இருந்து அஞ்சு நாள் கூட்டினம். பிள்ளைகுட்டி எல்லாம் இறங்கி.”

“யார் சொல்லிக் கூட்டினீர்கள்?”

“வீடு கூட்ட ஆர் சொல்ல வேணும்?”

“அந்தக் குப்பை இப்போது எங்கே?”

பாக்கியம் அக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது. சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு, “அது… நீங்கள் காணக்கூடாது எண்டு ஒளிச்சு வைச்சிருக்கிறம்,” என்றார்.

மேடம் கேட்டுக் கெஞ்சின பிறகுதான் காட்டினார்கள். மீன்வாடிக்குப் பின்னால், கிடுகால் மூடி, உரப்பை உரப்பையாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வீட்டின் பெயர். எந்த வீடு கூடப் பொறுக்கியது என்று அவர்களுக்குள் போட்டி. எங்கள் மாணவர்கள் பாய்ந்து தூக்க, பெண்கள் விடவில்லை. “எங்கட பாரத்தை நாங்கள் தூக்குவம்,” என்று தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். சேர் ஒவ்வொரு பைக்கும், “மண்ணத் தட்டுங்க,” என்றார். ஒருத்திக்குக் கோபம். “மண் எடுத்துக்கொண்டு வர நாங்கள் என்ன மண் களவெடுக்கிற ஆக்களோ? காய வைச்சு உதறித்தான் கட்டினனாங்கள்!” கவிழ்த்துக் காட்டினாள். ஒரு பருக்கை மண் விழவில்லை. சேர் தலைகுனிந்து, “மன்னிச்சிருங்க,” என்றார்.

நிறுத்து முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. பலகையில் இடம் காணாமல் பின்பக்கத்திலும் எழுதினோம். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டின் எடைக்கும் பெண்கள் கைதட்டக் கூடவே கைதட்டினார். போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

“நான் வாகனத்தில் ஏறப் போனேன். நீங்கள் போட்ட செருப்புத்தான் காலில் தட்டியது,” என்றார். “எல்லா இடத்திலும் கல்லூரி வேலை செய்யும், ஊர் நின்று பார்க்கும். ஊர் வேலை செய்து, கல்லூரி நின்று பார்த்ததை இங்கேதான் கண்டேன். ஆனால் இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள்.”

பாடநெறி தொடரலாம் என்று அடுத்த மாதம் கடிதம் வந்தது. அதற்கு அடுத்த வருடம் என் வேலையும் நிரந்தரமானது.

ஆனால் சேர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது முன் சீட்டில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை காலை, “ராணி, பதினாலக் கழுவி அலுமாரியில வைங்க,” என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஏசாமல் விட்டதால் அது எனக்குள் கிடந்தது. அவர் ஓய்வு பெறுகிற நாளிலும் ஏன் ஏசவில்லை என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. அவர் போனபிறகு ஆய்வுகூடம் புதுக் கட்டட மாடிக்குப் போனது. அந்த அலுமாரி பழைய கட்டடத்தில் பூட்டியபடியே நின்றுவிட்டது.

சல்லிக் கதையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அங்கே போனோம். முதல் வருடம் அழைப்புக் கடிதத்தில், ‘தயவுசெய்து முன்கூட்டியே துப்புரவு செய்ய வேண்டாம்’ என்று எழுதினோம். போய்ப் பார்த்தால் கரை பளிச்சென்று இருந்தது. “கடிதம் கிடைக்கேல்லையோ அக்கா?” என்று கேட்டேன். “கிடைச்சுது. வாசிச்சம். வெக்கமாப் போச்சு, கூட்டிப்போட்டம்,” என்றார் பாக்கியம் அக்கா. அடுத்த வருடம் சொல்லாமல் போனோம். பஸ் கோயிலடியில் திரும்புகிறபோதே யாரோ கண்டு சத்தம் போட, தும்புத்தடியோடு ஊரே கரைக்கு ஓடியது. எங்கள் மாணவர்களும் பஸ் நிற்க முதல் குதித்து ஓடினார்கள். அன்றிலிருந்து அது ஓட்டப்பந்தயமாகிவிட்டது. ஒரு போத்தலுக்கு இரண்டு பேர் விழுந்து புரளுவார்கள். ஒருமுறைகூட நாங்கள் வென்றதில்லை. முதல் வருடம் எங்கள் கணக்கில் பூச்சியம், அதன்பிறகு பூச்சியத்துக்குக் கிட்ட.

போன வியாழக்கிழமை தர்ஷினி மிஸ்ஸிடம் போனேன். கதையைக் கேட்டுவிட்டு, “அந்தச் செருப்பு இப்பவும் இருக்கோ அக்கா?” என்றார். பழைய கட்டடத்து அலுமாரியின் பூட்டை உடைப்பித்தோம். தூசிக்குள், இரண்டாம் தட்டில், நான் வைத்த இடத்திலேயே நீலச் செருப்பு இருந்தது. என் மட்டையும் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு மட்டை, நான் கட்டாதது. சேரின் பென்சில் எழுத்து. அவர் ஓய்வில் போகிற நாளில் கட்டியிருக்கவேண்டும்.

‘மாதிரி 14. இரண்டாம் முறை கிடைத்த இடம்: சல்லி. காரணம்: ராணி. விளைவு: பாடநெறி பிழைத்தது.’

இரண்டு தரம் வாசித்தேன். அழுதேனா சிரித்தேனா என்று மிஸ்ஸைத்தான் கேட்கவேண்டும். அவர் ஓடிப்போய்த் தண்ணி கொண்டுவந்தார். நான் அங்கேயே நின்று கிண்ணியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“சேர், நான் ராணி. அலுமாரியைத் திறந்தனாங்கள். பதினாலில காரணம் எண்டு போட்டு என்ர பேரை எழுதியிருக்கிறீங்கள்.”

அந்தப் பக்கம் சட்டைத் துணி உரசுகிற சத்தம் கேட்டது. கண்ணாடியைக் கழற்றியிருப்பார்.

“ஏன், பிழையா எழுதிட்டேனா?”

“இல்லை சேர். சரியாத்தான் எழுதியிருக்கிறீங்கள்.”

“நம்மட அறிக்கையில காரணம் எண்டு பேர் வந்தது ரெண்டு பேருக்குத்தான் ராணி,” என்றார். “முதல்ல ஆடு. அதுக்குப் பொறகு நீங்க.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத சிரிப்பு. நானும் தொடங்கினேன். நான் நிறுத்திய பிறகும் அந்தப் பக்கம் அவரால் நிறுத்த முடியவில்லை.